நாற்பது நிமிடத்துக்கு ஒரு டப்பா

யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் ஒரு குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிடுவார். துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் அப்படித்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டு, "வாஷர் போயிடுச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அங்கே இருக்கும் மனிதர்களைப் பார்ப்பார். அதற்குள் அவருடைய வீட்டம்மா, "அவர் அப்படித்தான், தப்பா எடுத்துக்காதீங்க" என்று அந்த வீட்டாரிடம் சொல்லி முடித்திருப்பார்.

ஊரில் அவருக்குக் குழாய்க்காரர் என்றே பெயர். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுவிட்டது. பதினோரு வயதில் குழி தோண்ட மண்வெட்டி பிடித்தவர், அரை நூற்றாண்டில் ஆயிரத்துச் சொச்சம் வீடு, ஒன்பது பள்ளிக்கூடம், இரண்டு ஆஸ்பத்திரி, ஒரு நூலகம் என்று தண்ணீர் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். "இந்த ஊர்ல பாதிப் பேர் மூஞ்சி கழுவறது என் தயவுல" என்பார். பெருமைக்குச் சொல்வதுதான், ஆனால் பொய் இல்லை. பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறியும்போது, சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, "இங்கே உடைங்க" என்று இவர் காட்டிய இடத்தில் கசிவு இருந்திருக்கிறது. ஒரு தடவை இல்லை, நூறு தடவை.

வேலையில் அவருக்கென்று ஒரு முத்திரை உண்டு. குழாயில் பசை தடவி, மூடியைச் செருகி, கால்வாசி திருப்பி, வழிகிற பசையைக் கட்டைவிரலால் ஒரே இழுப்பில் துடைத்துவிடுவார். பிறகு கறுப்பு மார்க்கரால் இணைப்புக்குக் குறுக்கே ஒரு கோடு. கோட்டின் தலையில் ஒரு புள்ளி. "இந்தக் கோடும் புள்ளியும் இருக்கற ஜாயின்ட்டு என் ஆயுசுக்கும் ஒழுகாது. எவன் வேணும்னாலும் பந்தயத்துக்கு வரட்டும்." இதுவரை யாரும் வந்ததில்லை.

அப்படிப்பட்ட மனிதர் மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரிய தாளை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் மூக்குக்கு இறக்குவதுமாக முழித்துக்கொண்டிருந்தார்.

தாளில் இருந்தது ஒரு சாலை. மகளும் மாப்பிள்ளையும் கடற்கரையில் மூன்று நாளைக்கு ஒரு வீடு எடுத்திருந்தார்கள். காரில் ஆறு மணி நேரம். அந்தச் சாலையை வரைய உட்கார்ந்தால், அவர் கைக்குக் குழாய்ப் படம்தான் வந்தது. வளைவு வருகிற இடத்தில் ஒரு எல்போ. சாலை பிரிகிற இடத்தில் ஒரு டீ ஜாயின்ட்டு. நடுநடுவே வட்டம் போட்டு, வால்வு ஒன்று, வால்வு இரண்டு, வால்வு மூன்று.

"என்னங்க இது, கடலுக்குப் போற வழியா, மொட்டைமாடித் தொட்டிக்கு லைனா?" என்று வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

"டப்பா விளையாட்டுக்குப் பிளான். உனக்குப் புரியாது."

"உங்களுக்குப் புரிஞ்சுதா?"

அவர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். புரியவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் எதற்காகப் போடுகிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேருக்குத் தெரிந்தால் அது ரகசியம் இல்லை, கசிவு என்பது அவர் கட்சி.

விஷயம் இதுதான். போன வருடத்திலிருந்து வீட்டம்மாவால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்க முடிவதில்லை, பாத்ரூம் போயாக வேண்டும். "வயசானா சகஜம். நல்லா தண்ணி குடிங்க, வந்தா அடக்காதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு மகளும் மாப்பிள்ளையும் தவிர எல்லோரும் வாடகை வேனில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவை வேனை நிறுத்தச் சொன்னபோது, பின்சீட்டிலிருந்து வீட்டம்மாவின் சொந்தத் தம்பியே குரல் கொடுத்தான். "என்னக்கா, இது வேனா, பால் வண்டியா? தெருவுக்குத் தெரு நிக்குது!" வேன் முழுக்கச் சிரிப்பு. வீட்டம்மாவும் சிரித்தார். குழாய்க்காரரும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்புதான் அவருக்குத் தொண்டையில் மாட்டிய முள். ஏனென்றால் அன்றைக்குப் பிறகு வீட்டம்மா ஊர் எல்லையைத் தாண்டவில்லை. பக்கத்துக் கடைத்தெருவுக்குக் கிளம்புவதென்றால்கூட முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவார். ஆயிரம் வீட்டுக்குத் தண்ணீர் கொடுத்தவர் வீட்டில் ஒரு மனுஷி உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தார்.

கடற்கரைக்கு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மகள் அழுததால் கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார். "வரேன். ஆனா எனக்காகன்னு வண்டி ஒரு தடவை நின்னாலும், அப்படியே இறங்கி எதிர்பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்துடுவேன். சொல்லிட்டேன்." அவர் சொன்னால் செய்வார். நாற்பது வருடக் குடித்தனத்தில் அதைக் குழாய்க்காரருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆறு மணி நேரம். நிற்காமல். தண்ணீர் குடிக்காமல்.

இந்தக் கவலையோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுப் பாத்திரத் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். மகள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். லீவு நாளில் மாப்பிள்ளையும் அவளுமாகப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கேயாவது புதருக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார்கள். அது என்ன பழக்கம் என்று அன்றுதான் கேட்டார்.

"ஜியோகேச்சிங்ப்பா. யாரோ முன்னபின்ன தெரியாதவங்க ஒரு டப்பாவை ஒளிச்சு வெச்சிருப்பாங்க. அது இருக்கற இடத்தைப் போன் காட்டும். நாம தேடிக் கண்டுபிடிக்கணும்."

"உள்ளே என்ன இருக்கும்?"

"ஒரு பட்டன் இருக்கும், சின்ன பொம்மை இருக்கும். ஒரு சீட்டு இருக்கும். அதுல நம்ம பேரை எழுதிட்டு, இருந்த இடத்துலயே திரும்ப வெச்சுடணும்."

தொட்டிக்கு அடியிலிருந்து ரிஞ்சு திருகுகிற சத்தம் வந்தது.

"எடுத்துக்கிட்டு வரக் கூடாதா?"

"கூடாது."

"ஒளிச்சவன் திட்ட மாட்டானா?"

"கண்டுபிடிச்சா சந்தோஷப்படுவாரு."

"அப்ப எதுக்குடி ஒளிச்சான்?"

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதாம்ப்பா விளையாட்டு. வண்டியை நிறுத்தி, எல்லாரும் இறங்கி, சுத்திச் சுத்தித் தேடி…"

"இரு. வண்டியை நிறுத்தணுமா?"

"நிறுத்தாம எப்படித் தேடறது?"

ரிஞ்சு தரையில் விழுந்த சத்தம் கேட்டது. தலையை வெளியே நீட்டி, முகமெல்லாம் அழுக்குத் தண்ணீரோடு கேட்டார். "கடலுக்குப் போற வழியில இந்த டப்பா எத்தனை கிடக்கு?"

முந்நூற்று நாற்பது கிடந்தன. போனில் பச்சைப் புள்ளிகளாக, யாரோ வழி நெடுகப் பயறு கொட்டிக்கொண்டு போனது மாதிரி. அங்கேதான் அவர் குழப்பம் ஆரம்பித்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் டிகிரி, புள்ளி, எண்கள். டிகிரி என்றால் அவருக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு, நாற்பத்தைந்தும் தொண்ணூறும். மூன்றாவது டிகிரியில் உலகத்தில் எந்த எல்போவும் கிடையாது. "இத்தனை டிகிரியில வளைச்சா சாலை உடைஞ்சுடும்" என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் நட்சத்திரங்கள். சிலதுக்கு ஒன்று, சிலதுக்கு ஐந்து. ஒரு ஸ்டார் இடத்தில் என் பெண்டாட்டி இறங்குவதா என்று, ஐந்து ஸ்டாராகப் பொறுக்கி எட்டு இடம் எழுதிக்கொண்டு போய் மகளிடம் நீட்டினார்.

மகள் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, ஸ்டார் வசதிக்கு இல்ல, கஷ்டத்துக்கு. இது செங்குத்தான பாறை. கயிறு கட்டி இறங்கணும். இது தண்ணிக்கு அடியில. அம்மாவைக் கூட்டிக்கிட்டு நீங்க முங்கப் போறீங்களா? நம்மளை மாதிரிப் புதுசா ஆடறவங்களுக்கு ஒரு ஸ்டார்தான்."

"ஒண்ணுதான் உசத்தியா?"

"ஒண்ணுதான் சுலபம்."

உலகமே தலைகீழாக இருந்தது. ஆனாலும் மறுபடி உட்கார்ந்தார். ஒரு ஸ்டார் டப்பா வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு ஒன்று வேண்டும். அதிலிருந்து நூறு அடிக்குள் சுத்தமான பாத்ரூம் வேண்டும். இந்த மூன்றாவது சங்கதி போனில் இல்லை, அவர் தலையில் இருந்தது. முதல் வால்வு நூலகம். அங்கே லைன் போட்டது இவரே, தாழ்ப்பாள் கச்சிதம், தண்ணீர் அருவி. இரண்டாவது செடி விற்கிற நர்சரி. அதுவும் இவர் வேலைதான். அதற்கு மேல் அவர் கை படாத தேசம். போய்ப் பார்க்காமல் எதையும் நம்புகிற ஆள் இல்லை அவர். "சைட் பார்க்கப் போறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, சாமான் வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அந்தச் சாலையில் அலைந்தார். ஒவ்வொரு இடத்திலும் ஃப்ளஷ்ஷை அழுத்தி, நிரம்புகிற நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது இடம் ஏரிக்கரைப் பூங்கா. பாத்ரூம் பிரமாதம். டப்பாதான் அகப்படவில்லை. போனில் ஒரு அம்பு. அது காட்டுகிற பக்கம் இவர் நடந்தால், அம்பு திரும்பி இவர் வந்த பக்கத்தைக் காட்டியது. முக்கால் மணி நேரம் ஒரே வேலியை ஏழு தடவை சுற்றினார். காவலாளி விசிலோடு வந்துவிட்டான்.

"என்ன சார் தேடறீங்க?"

"டப்பா."

"என்ன டப்பா?"

"தெரியல."

"யாரு வெச்சது?"

"அதுவும் தெரியல."

"அதுல உங்க சாமான் ஏதாவது இருக்கா?"

"பட்டன் இருக்கும்னாங்க. அதுவும் என்னுது இல்ல."

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

அவமானத்தோடு திரும்பும்போதுதான் அது கண்ணில் பட்டது. வேலிக் கம்பத்தில் கிளாம்ப் போட்டு ஒன்றரை இஞ்சுக் குழாய், முழ நீளம். மேல் மூடி ஒட்டாமல் சும்மா செருகியிருந்தது, தொட்டால் ஆடியது. குழாய்க்காரருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. எந்தக் கடன்காரன் இப்படி அரைகுறையாக விட்டுவிட்டுப் போனான்? வண்டிக்குப் போய்ப் பையை எடுத்து வந்தார். துடைத்தார், பசை தடவினார், கால்வாசி திருப்பினார், கட்டைவிரல், கோடு, புள்ளி. இரண்டு நாள் குழப்பத்தில் அவருக்குத் தெளிவாகப் புரிந்த ஒரே வேலை அதுதான். தாளில் எழுதிக்கொண்டார்: "வால்வு மூன்று. டப்பா இல்லை. பிள்ளைகள் வந்து தேடிக்கொள்ளட்டும். மூடி லூஸ், சரி செய்தாச்சு."

கிளம்புகிற நாள் வந்தது. "வழியில எந்தக் குழாயையும் தொடக் கூடாது, சாமான் எதுவும் வண்டியில ஏறக் கூடாது" என்பது வீட்டம்மாவின் இன்னொரு உத்தரவு. அவர் முகம் மாறாமல் தலையாட்டினார். மாப்பிள்ளை கார் ஓட்ட, இவர் முன்சீட்டில் தாளோடு. பின்னால் மகளும் வீட்டம்மாவும். வீட்டம்மா மடியில் ஒரு தண்ணீர்ப் பாட்டில், மூடி முறியாமல் புதிதாக. மகள் வற்புறுத்தியதால் வாங்கிக்கொண்டது. அதைப் பிடித்திருந்த பிடியிலேயே திறக்கப்போவதில்லை என்று தெரிந்தது.

நூலகம் எண்ணெய் போட்ட மாதிரி நடந்தது. டப்பா வாசல் பெஞ்சுக்கு அடியில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் சீட்டில் "நாங்க நாலு பேர்" என்று எழுதினாள். "நீங்க தேடுங்க, நான் சும்மா உள்ளே புஸ்தகம் பார்த்துட்டு வரேன்" என்று போன வீட்டம்மா ஐந்தாவது நிமிடம் திரும்பினார். நர்சரியிலும் அப்படியே, "சும்மா செடி பார்த்துட்டு வரேன்." குழாய்க்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளைக்குத்தான் பிடிபடவில்லை. "மாமா, நடுவுல பதினஞ்சு டப்பாவைத் தாண்டிட்டோம். அதையெல்லாம் விட்டுட்டு ஏன் இது?"

"அதெல்லாம் சரியில்ல, மாப்பிள்ளை."

"எப்படித் தெரியும்?"

"பிரஷர் பத்தாது."

மாப்பிள்ளை கண்ணாடி வழியாகப் பின்சீட்டில் இருந்த மனைவியைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

ஏரிக்கரைப் பூங்காவில் இறங்கியதும் வீட்டம்மா, "சும்மா ஏரியைப் பார்த்துட்டு வரேன்" என்று போய்விட்டார். அன்றைய காவலாளி வேறு ஆள், அது வரைக்கும் நல்லது. மகள் போனைப் பார்த்து, "குறிப்பு ஒண்ணு குடுத்திருக்காங்க" என்று படித்தாள். "தண்ணீர் வராத குழாய்."

குழாய்க்காரர் சட்டென்று திரும்பினார். வேலிக் கம்பத்தைப் பார்த்தார். அந்த முழ நீளக் குழாய் எங்கிருந்தும் வரவில்லை, எங்கேயும் போகவில்லை. ஐம்பது வருட அனுபவம், அன்றைக்கு அது கண்ணில் படவில்லையே! மூடி ஆடுவது தெரிந்ததே தவிர, குழாய் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

"அந்தப் பக்கம் தேடுங்க, அந்தப் பக்கம்" என்று மகளையும் மாப்பிள்ளையையும் ஏரிப்பக்கம் விரட்டினார். ஆனால் திரும்பி வந்த வீட்டம்மா நேராகக் கம்பத்தின் முன்னால் போய் நின்றார். குழாய்க்காரன் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா?

"இதுல தண்ணி எங்கேருந்து வரும்? இதுதாண்டி உங்க டப்பா."

மகள் ஓடிவந்து கைதட்டினாள். மாப்பிள்ளை மூடியைத் திருகினார், வரவில்லை. காலை வேலியில் ஊன்றி இழுத்தார், முகம் சிவந்ததுதான் மிச்சம். "யாரோ ஒட்டித் தொலைச்சிருக்காங்க, அத்தை."

வீட்டம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கோடு. கோட்டின் தலையில் புள்ளி. வீட்டில் சமையலறையில், குளியலறையில், மாடியில், நாற்பது வருடமாக அவர் கண் முன்னால் இருக்கிற கோடும் புள்ளியும்.

நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

"போன மாசம் ரெண்டு நாள் சைட்டுன்னு போனீங்களே?"

"ஆமா."

"எந்த சைட்டு?"

"இங்கேதான்… இந்தப் பக்கம்."

வீட்டம்மா முப்பதடி தள்ளி இருந்த பாத்ரூம் கட்டடத்தைப் பார்த்தார். வந்த சாலையைப் பார்த்தார். நூலகம், நர்சரி என்று அவர் உதடு அசைந்த மாதிரி இருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடம். குழாய்க்காரர் அங்கே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். ஊர்ப்பக்கம் போகிற பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. வந்தது. நின்றது. கதவு திறந்தது. அவர் தம் வாழ்நாளில் ஒரு பஸ்ஸை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

கதவு மூடி, பஸ் போய்விட்டது.

"ஒட்டினவன் நல்ல வேலைக்காரன். சுத்தமா பண்ணியிருக்கான்" என்று வீட்டம்மா மகளைப் பார்த்துச் சொன்னார். "என்ன, கொஞ்சம் மட்டி." பிறகு இவர் பக்கம் திரும்பி, "பிளேடு எடுத்துட்டு வாங்க" என்றார்.

"எந்தப் பிளேடு? நீதானே சாமானே கூடாதுன்னு…"

"சீட்டுக்கு அடியில நீலத் துணியில சுத்தி வெச்சிருக்கீங்களே, அந்தப் பையில இருக்கற பிளேடு."

போய் எடுத்து வந்தார். மூடிக்குக் கீழே அரை இஞ்சு விட்டு ஆக்ஸா பிளேடால் அறுத்தார். உள்ளே சின்னக் குப்பி, குப்பிக்குள் சுருட்டிய சீட்டு. அதைப் பெண்டுகளிடம் கொடுத்துவிட்டு, பையிலிருந்து புது மூடி ஒன்றை எடுத்துப் பொருத்தினார். கை தானாகப் பசைக்குப் போனது. "ஏங்க" என்று ஒரு குரல். கையை இழுத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மூடியை ஒட்டாமல் விட்டார். அது ஆடுவதைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகள் பேனாவைத் திறந்தாள். வீட்டம்மா அதை வாங்கி, சீட்டைக் கார் முகப்பில் வைத்து அழுத்தி, பெரிய எழுத்தில் தாமே எழுதினார்: "பால் வண்டி."

"இதென்ன பேரு, அத்தை?" என்றார் மாப்பிள்ளை.

"நின்னு நின்னு போற வண்டிக்கு வேற என்ன பேரு வைப்பாங்க?"

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. குழாய்க்காரருக்கோ அவர்களைவிட மோசம். கோபமா, கேலியா, இரண்டும் இல்லையா? திட்டியிருந்தால் புரிந்திருக்கும். எதிர்பஸ்ஸில் ஏறியிருந்தால்கூடப் புரிந்திருக்கும். முன்சீட்டில் ஏறித் தாளை மடியில் வைத்துக்கொண்டு, எல்போக்களையும் வால்வுகளையும் வெறித்துப் பார்த்தார். கார் நகர்ந்தது.

ஏரி பின்னால் மறைந்தது.

"அடுத்த டப்பா எவ்வளவு நேரம்?" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"முப்பத்தெட்டு நிமிஷம்."

"நிச்சயமா இருக்குமா?"

"டப்பா இருக்கான்னு தெரியாது" என்றார் குழாய்க்காரர். "மத்ததெல்லாம் இருக்கு. நானே பார்த்தேன்."

பின்னால் பிளாஸ்டிக் மூடி முறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் மடக், மடக் என்று தண்ணீர் இறங்குகிற சத்தம், பாதிப் பாட்டிலுக்கும் மேலாக, நிற்காமல். குழாய்க்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்தார்.